முற்றத்துக் கோழியும் திண்ணைப் பூனையும்



சிங்கப்பூரில் இன்று வளரும் சிறுவர் பலர் உயிருள்ள கோழியை அருகில் நின்று கண்டதில்லை. "முட்டை எங்கிருந்து வருகிறது?" என்று நான் ஒருமுறை வகுப்பில் வினவினேன். "பேரங்காடியிலிருந்து, ஐயா" என்று ஒரு சிறுமி எழுந்து விடை கூறினாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தான் கண்டதையே கூறினாள். அதில் பிழை என்ன? தோட்டப்புறத்தில் லயத்து வீட்டின் பின்னே கோழிக்கூண்டு வைத்திருக்கும் பெற்றோர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் கூண்டைத் தினமும் திறந்துவிடுகின்ற நாமும் அதனுள் வாழும் உயிரைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறோம்? கோழியையும் பூனையையும் பற்றி நான் கற்றவற்றையும் பட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். பட்டவற்றுள் ஒன்று எனக்குப் பெருமை தருவது அன்று.

என் இளமைப் பருவம் ஜாலான் காயு வட்டாரத்துக் கம்பத்தில் கழிந்தது. என் பாட்டனார் அருகிலிருந்த சிலேத்தார் விமானத் தளத்தில் கூலியாளாகப் பணி செய்தவர். எங்களுடையது அத்தாப்புக் கூரை வேய்ந்த பலகை வீடு. பின்புறம் ஒரு கிணறு, ஒரு ரம்புத்தான் மரம், கால் ஊன்றி உயர்த்திக் கட்டிய கோழிக்கூண்டு. கூண்டை ஏன் உயர்த்திக் கட்ட வேண்டும் என்று நான் கேட்டதுண்டு. "கீழே இருந்தால் மலைப்பாம்புக்கு விருந்து வைத்தது போல ஆகும் ஐயா" என்பார் பாட்டி. மலைப்பாம்பு, உடும்பு, மலாய்க்காரர் மூசாங் என்றழைக்கும் மரநாய் ஆகிய மூன்றும் அந்நாளில் எங்கள் கோழிகளுக்குப் பகையாக இருந்தன. இவை இன்றும் சிங்கப்பூரில் வாழ்கின்றன; பெருங்கால்வாய்களின் ஓரத்தில் உடும்பைக் காணாத சிறுவர் குறைவு.

கோழிகள் பாட்டியின் உடைமை. பூனை யாருக்கும் உடைமையன்று. சாம்பல் நிறமுடைய அதனைச் சாம்பி என்றழைத்தோம். அதன் வால் குட்டையாக, நுனியில் கொக்கி போல் வளைந்திருக்கும். யாரோ கதவிடுக்கில் நசுக்கிவிட்டனர் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பின்னரே அது பிறவியில் வருவது என அறிந்தேன். தென்கிழக்காசியப் பூனைகளில் இத்தகைய வால் பரம்பரையாகவே காணப்படுகிறது. அடுத்த முறை உங்கள் புளோக்கின் கீழே படுத்திருக்கும் பூனைகளின் வாலைக் கவனியுங்கள்.

இவ்விரண்டு உயிர்களும் மனிதனோடு எவ்வாறு வந்து சேர்ந்தன? இரண்டுக்கும் காரணம் தானியமே. மேற்காசியாவில் மனிதர் கோதுமையும் வாற்கோதுமையும் விளைத்துக் களஞ்சியம் அமைத்தனர். களஞ்சியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிக் காட்டுப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறை ஒன்றில் மனிதனின் எலும்புக்கூட்டை அடுத்துப் பூனையின் எலும்புக்கூடும் கிடைத்தது. ஆராய்ச்சியாளர் அதனை 2004-இல் வெளியிட்டனர். கோழியோ நம் பக்கத்து உயிர். தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழியே இதன் மூதாதை. நெல் விளைந்த வயல்களை நாடி அக்காட்டுக்கோழி வந்து, மெல்ல மெல்ல மனிதனோடு பழகியது என்று 2022-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. தாய்லாந்தில் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புகள் இதற்குச் சான்று. ஆகவே, பாட்டி காலையில் வீசிய குருணைக்குக் கோழி ஓடி வந்தபோது மிகப் பழைய வழக்கம் ஒன்று மறுபடியும் நடந்தது என்க.

தமிழர்க்கும் இவை புதியன அல்ல. குறுந்தொகையில் ஒரு புலவர் பெயரே குப்பைக்கோழியார். குப்பைமேட்டில் தமக்குள்ளே பொருதும் கோழிகளை அவர் பாட்டில் உவமையாக்கியதால் அப்பெயர் வாய்த்தது. அவருடைய இயற்பெயர் மறைந்தே போயிற்று. முருகனின் கொடியில் சேவல் நிற்பதைச் சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குச் செல்லும் நீங்கள் அறிவீர்கள். பூனைக்குப் பழைய பெயர்கள் வெருகு, பூசை என்பன. கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துத் தீர்க்கத் துணிந்த பூசையாகத் தம்மைக் கூறிக்கொள்கிறார். அவ்வளவு பெரும் புலவர் தம்மைப் பூனையோடு ஒப்பிட்டது எங்கள் பாட்டிக்கு மிகவும் பிடிக்கும். அவர் எழுத்தறியாதவர், கதை கேட்டே அறிந்தவர்.

இனி அடைகாத்தலைப் பற்றிக் கூறுவேன். நாட்டுக்கோழி பன்னிரண்டு பதினைந்து முட்டைகள் இட்டபின் அடைக்கு உட்காரும். அப்போது அது தீனியைக் குறைத்துக்கொள்ளும்; அருகே சென்றால் சிறகை விரித்துச் சீறும். வயிற்றுப்புறத்து இறகுகள் உதிர்ந்து, தோல் நேரே முட்டையின்மீது படும். அவ்வெப்பமே கருவை வளர்ப்பது. முட்டைகளைக் கோழி நாள்தோறும் பலமுறை அலகால் புரட்டி வைக்கும். புரட்டாவிடின் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு இறந்துவிடும். நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் எழுந்து தண்ணீரும் தீனியும் கொண்டு உடனே திரும்பும். ஏழாம் நாள் பாட்டி மண்ணெண்ணெய் விளக்கின்முன் முட்டையை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்துக் காட்டுவார். உயிருள்ள முட்டையில் சிலந்திவலை போலச் செந்நரம்புகள் தெரியும். உயிரற்றது வெறும் மஞ்சளாய்த் தோன்றும். கைவிளக்கு ஒன்றிருந்தால் நீங்களும் இதைக் காணலாம். ஆனால், கடையில் வாங்கிய முட்டையில் தேடாதீர்கள். பண்ணைகளில் முட்டைக்கோழிகளோடு சேவல் விடப்படுவதில்லை. ஆதலின் அம்முட்டையில் கருவே இராது.

இருபத்தோராம் நாள் குஞ்சு பொரியும். அதற்கு முன்னரே முட்டையின் உள்ளிருந்து குஞ்சு கீச்சிடும்; தாய் மெல்லக் குரல் கொடுக்கும். பிறக்காத பிள்ளையும் தாயும் ஓட்டுக்கு இருபுறமும் பேசிக்கொள்வதை ஒருநாள் காதால் கேட்டேன். அதன்பின் முட்டை என்பது எனக்கு வேறு பொருளாகிவிட்டது. ஓட்டை உடைப்பதற்கென்றே குஞ்சின் அலகு நுனியில் கூரிய சிறு முனை ஒன்றுண்டு. வெளிவந்த சில நாளில் அது உதிர்ந்துவிடும். பொரிவதற்குச் சற்று முன் மஞ்சட்கருவின் மிச்சத்தைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனாலேயே முதல் இரண்டு நாள் தீனியின்றியும் அது வாழ வல்லது. எஞ்சிய முட்டைகள் பொரியும்வரை தாய் கூட்டை விட்டு எழாமல் இருக்க இயற்கை தந்த ஏற்பாடு இது.

குஞ்சுகளோடு தாய்க்கோழி முற்றத்தில் இறங்கிய முதல் நாள், சாம்பி கிணற்று மேடையில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பூனை வாலை ஆட்டினால் மகிழ்ச்சி என்று எண்ண வேண்டா. அது நாய்க்குரிய வழக்கம். சாம்பி ஓரடி எடுத்து வைத்ததுதான் தாமதம். கோழி இறகுகளைச் சிலிர்த்து இருமடங்கு பெருத்துப் பாய்ந்தது. அன்று ரம்புத்தான் மரமேறிய சாம்பி பொழுது சாயும்வரை இறங்கவில்லை. அதன்பின் குஞ்சுகள் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு செல்லும். எல்லாப் பூனைகளும் இவ்வாறு திருந்தும் என்று நான் கூறமாட்டேன். குஞ்சுகள் ஆறு எட்டு வாரம் வளரும்வரை பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதே பாதுகாப்பு.

இனி அப்பெருமையற்ற நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1970களின் தொடக்கத்தில் ஒரு நாள் பாட்டி சந்தையிலிருந்து அழகிய சேவல் ஒன்றை வாங்கி வந்தார். அன்று மாலையே மற்றக் கோழிகளோடு கூண்டில் விட்டார். நான்கைந்து நாளில் அச்சேவல் தலை குனிந்து நின்றது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக நீர்த்துப் போயிற்று. ஒரு கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது; அது வானத்தைப் பார்த்தபடியே சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. எங்கள் பதினேழு கோழிகளில் பதினான்கு ஒரு வாரத்திற்குள் மாண்டன.

இந்நோயைத் தமிழ்நாட்டார் வெள்ளைக் கழிச்சல் என்பர். 1926-இல் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இது முதன்முதல் கண்டறியப்பட்டது. நியூகாசில் நோய் என்றே உலகம் இதனை அழைக்கிறது. இந்தியாவில் ராணிகேத் என்னும் மலையூரில் கண்டறியப்பட்டமையால் அங்கு இதற்கு ராணிகேத் நோய் என்றும் பெயர். நச்சுக் கிருமியால் வருவது; வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து மட்டுமே உண்டு. கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவர். குடிநீரிலும் கலந்து கொடுப்பர். நாட்டுக்கோழிகளைத் துரத்திப் பிடிப்பது கடினம் என்பதறிந்து, தீனியாகவே இட்டுவிடும் குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. அது அந்நாளில் எங்களுக்கு வாய்க்கவில்லை. ஆனால், தடுப்பு மருந்து இன்றியே நாங்கள் காத்திருக்கக்கூடிய வழி ஒன்றிருந்தது. புதிதாக வாங்கிய கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வேறிடத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பாட்டிக்கு அது தெரியும். அன்று மழை, தனியே கட்டி வைக்க இடமில்லை. அவ்வளவுதான் காரணம்.

பாட்டியின் பிழை அது. என் பிழை வேறு. செத்த கோழிகளை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்து வருமாறு பாட்டி என்னிடம் சொன்னார். எனக்கு வயது பத்து. பந்தாட நண்பர்கள் காத்திருந்தனர். மண்ணோ இறுகிக் கிடந்தது. முதல் நாள் புதைத்தேன். மறுநாள் ஐந்து கோழிகளைச் சாக்கோடு கால்வாயில் வீசிவிட்டு ஓடினேன். அக்கால்வாய் எங்கள் வீட்டைக் கடந்து, அண்டை வீட்டு மலாய் மாதின் கொல்லை வழியாகச் செல்வது. அவரை நாங்கள் மக்சிக் என்று அழைப்போம். கணவனை இழந்தவர், கோழியும் முட்டையும் விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பத்து நாள் கழித்து அவர் கொல்லையில் ஒன்பது கோழிகள் செத்துக் கிடந்தன.

நோய் கால்வாய் வழியே சென்றதா, எங்கள் கோழியோடு கலந்து திரிந்ததால் முன்னரே சென்றதா என்பதை எவராலும் உறுதியாகக் கூற இயலாது. ஆனால் சாக்கு அவர் கொல்லையோரத்தில் ஒதுங்கியிருந்தது. அது எங்கள் வீட்டு அரிசிச் சாக்கு. பாட்டி அதைக் கண்டார். என்னை அடிக்கவில்லை. "நீ வந்து உன் வாயால் சொல். நான் உன் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார். அந்த முப்பது அடி தூரத்தை நான் நடந்தது போல் பிறகு எந்த வழியையும் நடந்ததில்லை. மக்சிக் எல்லாவற்றையும் கேட்டார். கோபமாக ஒன்றும் கூறவில்லை, ஒன்றுமே கூறவில்லை. உள்ளே சென்று கதவை மெல்லச் சாத்திக்கொண்டார். அதன்பின் இரண்டு மாதம் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாட்டி தம் சிறுவாட்டுக் காசை எடுத்துச் சென்று கொடுத்தபோது அதை அவர் வாங்கவுமில்லை.

கூண்டைப் பிரித்து வெந்நீர் ஊற்றிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். பிழைத்த மூன்று பெட்டைகளைத் தவிர வேறு கோழி வாங்கவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் சென்றபின் அம்மூன்றில் ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. சேவலில்லாத வீட்டில் அடைக்கு வைக்க முட்டை ஏது? பாட்டி வேலியருகே நின்று இதை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து ஒரு மாலை, மக்சிக் எங்கள் வாயிலில் வந்து நின்றார். கையில் உமி நிரப்பிய பிஸ்கட் டின். உள்ளே பதினொரு முட்டைகள். புலாவ் உபினில் வாழ்ந்த தம் தங்கையிடமிருந்து படகில் கொண்டு வந்தவை. அவரிடம் முட்டை இருந்தது, அடைகோழி இல்லை; எங்களிடம் அடைகோழி இருந்தது, முட்டை இல்லை. "இந்தப் பையன் தினம் பார்த்துக்கொள்ளட்டும்" என்று மலாயில் பாட்டியிடம் கூறினார். அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

இருபத்தொரு நாளும் பள்ளியிலிருந்து நேரே கூண்டுக்கே ஓடுவேன். ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. பாட்டி ஆறு குஞ்சுகளை மக்சிக்குக்குக் கொடுத்து மூன்றை வைத்துக்கொண்டார். சரிபாதி என்றுதானே பேச்சு என்று நான் கேட்டேன். "உனக்குக் கணக்கு நன்றாக வரும் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

1979-இல் எங்கள் கம்பத்து நிலம் எடுக்கப்பட்டது. அங் மோ கியோவில் ஒன்பதாம் மாடியில் வீடு கிடைத்தது. குழாயில் தண்ணீர், விசையைத் தட்டினால் விளக்கு. அம்மா அன்று அடைந்த மகிழ்ச்சி பெரிது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தோன்றியது முதல் இவ்வாறு குடிமாறியோர் எத்தனையோ ஆயிரவர். தீவிபத்தும் சேறும் நிறைந்த அக்கம்பங்களில் வாழ்ந்தோர், அவ்வாழ்க்கையைச் சொர்க்கம் என்று கூற மாட்டார்கள். 1961-இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் வீடிழந்தோரைக் கேட்டால் தெரியும். ஆயினும் கோழிகளுக்கு ஒன்பதாம் மாடியில் இடமில்லை. பாட்டி தம் கோழிகளை மக்சிக்கிடமே கொடுத்தார். அவரும் மறு ஆண்டு பிடோக்கிற்குக் குடிபெயர்ந்தார். சாம்பியைக் கூடையில் இட்டு லாரியில் ஏற்றினோம். லாரி கிளம்புமுன் அது மூடியைத் தள்ளிக்கொண்டு குதித்து ஓடிவிட்டது. பூனை ஆளைவிட இடத்தையே பெரிதும் பற்றும் என்பர். மூன்று வாரம் கழித்து நானும் அப்பாவும் சென்று பார்த்தபோது வீடு இல்லை; கிணற்று மேடை மட்டும் இருந்தது. அதன்மேல் சாம்பி படுத்திருந்தது. கூப்பிட்டேன். எழுந்து பார்த்துவிட்டுப் புதருக்குள் சென்றுவிட்டது. மறுமுறை சென்றபோது கிணறும் மூடப்பட்டிருந்தது.

பாட்டி அதன்பின் ஞாயிறுதோறும் தேக்காவுக்குச் செல்வதைத் தவறவிடமாட்டார். அக்காலத்தில் சந்தையில் உயிர்க்கோழிகளைக் கூண்டோடு வைத்து விற்பர். காய்கறி வாங்குமுன் அங்கே சிறிது நேரம் நின்று, கொண்டையைப் பார்த்தே, "இது நோய்ப்பட்டது, இது முட்டையிடும்" என்று எனக்குப் பாடம் நடத்துவார். கடைக்காரருக்கு அது பிடிக்காது! அந்தச் சந்தை 1982-இல் இப்போதுள்ள இடத்திற்கு மாறி ஜூஜியாவ் நிலையம் என்னும் பெயர் பெற்றது. மக்களோ தேக்கா என்றே அழைத்தனர். 2000-ஆம் ஆண்டில் பெயரும் தேக்கா நிலையம் ஆயிற்று. லிட்டில் இந்தியாவே ஒரு காலத்தில் கால்நடைகளின் பேட்டை. பஃபலோ ரோடு என்பதற்கு எருமைச் சாலை என்று பொருள். கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். இன்று அச்சாலையில் எருமையும் இல்லை, உயிர்க்கோழியும் இல்லை. பெயர் மட்டும் நின்று காட்சி தருகிறது.

கோழி நகரை விட்டுப் போய்விட்டதா எனின், இல்லை. செங்காட்டுக்கோழி புலாவ் உபினிலும் மேற்குப் பகுதிக் காடுகளிலும் வாழ்ந்து, இப்போது பெருந்தீவின் பூங்காக்களிலும் குடியிருப்புகளிலும் காணப்படுகிறது. வீட்டுக்கோழியினின்று அதனைப் பிரித்தறிவது எப்படி? காட்டுக்கோழியின் கால் சாம்பல் நிறம். சேவலின் காதருகே வெண்மை. வாலடியிலும் வெண்மை உண்டு. ஆனால் இவை வீட்டுக்கோழியோடு கலந்துவிடுவதால் தெருவில் திரிவனவற்றைக் கண்டவுடன் முடிவு செய்தல் அரிது.

2017-இன் தொடக்கத்தில் சின் மிங் அவென்யூ, தாம்சன் வியூ பகுதியில் திரிந்த 24 கோழிகளை அப்போதிருந்த வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் பிடித்துக் கொன்றது. கூவல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சிலர் முறையிட்டிருந்தனர். பறவைக் காய்ச்சல் பரவக்கூடும் என்ற அச்சத்தையும் அதிகாரிகள் எடுத்துக் கூறினர். அப்பகுதியில் வாழ்ந்த வேறு பலர், குறிப்பாக முதியோரும் சிறுவரும், அக்கோழிகளை நேசித்தவர்கள், அவர்கள் வருந்தினர். நாளிதழ்களில் வாரக்கணக்கில் வாதம் நடந்தது. என் கருத்தைக் கேட்பீராயின், நோயைப் பற்றிய அச்சம் வீணானதன்று. 1997-இல் ஹாங்காங்கில் கோழிகளிலிருந்து மனிதர்க்குப் பரவிய காய்ச்சலால் 18 பேர் நோயுற்று 6 பேர் இறந்தனர். 2004 ஆகஸ்டில் கிளந்தானில் அந்நோய் தோன்றியதும் மலேசியக் கோழி இறக்குமதியைச் சிங்கப்பூர் நிறுத்தியது. பதினான்கு கோழிகளைப் புதைக்க நேர்ந்த வீட்டில் வளர்ந்தவன், நோயை எளிதாக எண்ண மாட்டான். ஆனால் 24 கோழிகளையும் கொல்லுமுன் அங்கு வாழ்வோரை அழைத்துப் பேசியிருக்கலாம். வேறிடத்துக்கு மாற்ற இயலுமா என்று பார்த்திருக்கலாம். தீனியை அள்ளி வீசுவோரும் தம் பங்கை எண்ணிப் பார்த்திருக்கலாம். தீனி மிகுந்தால் கோழி மிகும்.

கோழிநோய்க்கும் பூனைக்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டா. 2004 அக்டோபரில் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா விலங்கியல் பூங்காவில் புலிகளுக்குப் பச்சைக் கோழிகளைத் தீனியாக இட்டனர். அக்கோழிகளில் பறவைக் காய்ச்சல் இருந்தது. 147 புலிகள் இறந்தன அல்லது கொல்லப்பட்டன. 2023-இல் போலந்து நாட்டில் வீட்டுப் பூனைகளும் இந்நோயால் மாண்டன. புலியும் பூனையும் ஒரே குடும்பம் அன்றோ? ஆகவே தோட்டத்துப் பெற்றோர் செத்த கோழியையோ அதன் குடலையோ பூனைக்கு வீசுதல் கூடாது. வேகவைத்துக் கொடுங்கள். செத்த கோழியைக் கையுறை இன்றித் தொடாதீர்கள். எங்கு எறிவது என்று சிறுவனிடம் விட்டுவிடாதீர்கள்.

பூனையின் கதைக்கும் ஏற்றத் தாழ்வுகள் உண்டு. 1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்த்தல் தடை செய்யப்பட்டிருந்தது. பூனையை வீட்டுக்குள் நிறுத்தி வைப்பது கடினம், உரோமம் உதிர்க்கும், பொது இடங்களை அசுத்தம் செய்யும், இரவில் கத்தும் என்பன காரணங்கள். ஆயினும் பலர் மறைவாக வளர்த்தே வந்தனர். 1991-இல் சிங்கப்பூரா என்னும் உள்ளூர்ப் பூனையினம் சுற்றுலாச் சின்னமாகக் 'குசிந்தா' என்ற பெயரோடு போற்றப்பட்டது. சிலைக்கு ஆற்றங்கரையில் இடம். உயிருள்ள பூனைக்கு வீட்டில் இடமில்லை! 2003-இல் சார்ஸ் நோய் பரவிய காலத்தில் தெருப்பூனைகள் பல பிடித்துக் கொல்லப்பட்டன. பின்னர்க் கருத்தடை செய்து, மீண்டும் வாழ்ந்த இடத்திலேயே விடும் முறை வலுப்பெற்றது. காதின் நுனி சிறிது வெட்டப்பட்ட பூனையைக் கண்டால் அது கருத்தடை செய்யப்பட்டது என அறிக. பெண்பூனை ஏறத்தாழ ஒன்பது வாரமே கருவுற்றிருந்து குட்டி ஈனுமாதலால், கருத்தடையின்றேல் பெருக்கத்திற்கு எல்லையே இராது.

35 ஆண்டுகள் நீடித்த தடை 2024 செப்டம்பர் 1 அன்று நீங்கியது. ஒரு வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். தோலடியில் நுண்சில்லு பொருத்தி உரிமம் பெற வேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரையிலான இடைக்காலத்தில் உரிமத்திற்குக் கட்டணமில்லை என அறிவிக்கப்பட்டது. சன்னலுக்கு வலை அடித்தலும் அவசியம். பூனை உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றிப் பிழைத்துக்கொள்ளும் என்பர் சிலர். உடலைத் திருப்பிக் காலை ஊன்றும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அடுக்குமாடியிலிருந்து விழுந்த பூனை தாடை உடைந்தும் நெஞ்சு நொறுங்கியும் துன்புறுவதை மருத்துவர்கள் நன்கு அறிவர்.

எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு பூனை உண்டு. புளோக்கின் கீழே மழையில் நனைந்து கிடந்ததை என் பேத்தி தூக்கி வந்தாள். சாம்பல் நிறம், வால் நுனியில் கொக்கி. உரிமத் தாளில் என்ன பெயர் எழுதுவது என்று அவள் கேட்டாள். நான் சொன்ன பெயரையே எழுதினாள். கழிவு மண்ணை அவளே அள்ளிக் கட்டி, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுகிறாள். விடியற்காலையில் அருகிலுள்ள பூங்காவிலிருந்து எங்கோ ஒரு சேவல் கூவுகிறது. அக்குரல் கேட்டதும் சாம்பி சன்னல் வலைக்கு அருகே சென்று அமர்ந்து, காதுகளை முன்னே திருப்பி, வெளிச்சம் வரும்வரை அத்திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.